டேஷ்போர்டில் நின்ற சூசையப்பர்

"பிரேக்குங்கறது ஓட்டத் தெரியாதவனுக்குக் கம்பெனிக்காரன் போட்ட பிச்சை. வண்டி எடுத்த நாள்லேருந்து இந்தக் காலு அதைத் தேடினதே இல்ல, தெரிஞ்சுக்கோ!"

சுனாமிக்கு மறு வருஷம், விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டு டீக்கடையில் சவரிராஜ் இப்படிப் பிரகடனம் செய்தார். கடையில் ஒருவரும் மறுக்கவில்லை. அவர் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே எப்படி மறுப்பது?

அவருக்குச் சாட்சி, யேசுவை வளர்த்த தந்தையான சூசையப்பர். ஒரு சாண் உயரப் பீங்கான் சொரூபம். பசையில்லாமல், கம்பியில்லாமல், அவருடைய பழைய பியட் காரின் டேஷ்போர்டில் நின்றபடியே சேத்தியாத்தோப்பு வரை போய் நின்றபடியே திரும்பி வருவார். அந்தக் காரின் பின்சீட்டைக் கழற்றிப்போட்டுவிட்டு, ராஜாம்பாளின் செராமிக் பட்டறையில் செய்த கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளை வைக்கோல் பெட்டிகளில் அடுக்கி, ஊர் ஊராகக் கோயில்களுக்குக் கொண்டுசேர்ப்பதுதான் சவரிராஜின் தொழில். பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டுங்கள் என்றால் கோபம் வந்துவிடும். கயிறு கட்டுவது பயந்தவன் வேலையாம்.

உண்மையில் அந்த பியட்டுக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். இரண்டு தடவை பம்ப் அடித்து, மூன்றாவது தடவை உடம்பின் பாரத்தையெல்லாம் இறக்கி மிதித்தால், யோசித்துப் பார்த்துவிட்டு நிற்கும். அதனால்தான் பஸ் ஸ்டாப் கண்ணில் படும்போதே அவர் ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுவார். பிரேக்கின் வயோதிகத்தை ஊர் அவருடைய பக்குவம் என்று எடுத்துக்கொண்டது. அவசரமாக மிதிக்க நேர்ந்தபோதெல்லாம் இடது கை பக்தியோடு எழுந்து சூசையப்பரின் இடுப்பைத் தொடும். உடன் வருகிறவர்கள் அவருடைய விசுவாசத்தைப் பார்த்து உருகினார்களே தவிர, ஒருவரும் குனிந்து காலைப் பார்த்ததில்லை.

அவருடைய மகள் ஜெசி, ராஜாம்பாள் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸும் வாங்கியிருந்தாள். ஒருநாள் காரைக் கேட்டாள்.

"பொம்மைக்கு மை தீட்டுற கையில ஸ்டியரிங்கு நிக்குமா? நான் உசுரோட இருக்கறவரைக்கும் இந்த சீட்டுல வேற ஆளு உக்கார முடியாது."

"சீட்டு என்னாப்பா, பிஷப்பு நாற்காலியா?" என்றாள் ஜெசி. அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து காலம் தொடங்கிய வாரம், ரயில்வே கேட் மூடிக்கொண்டிருக்கும்போது பியட் யோசிக்கக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டது. பம்பர் போய் கேட்டை முத்தமிட்டது. கேட்கீப்பர் சொன்னவை அச்சில் ஏறாதவை. சவரிராஜின் மனைவி விமலாராணி அன்றைக்கே தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"பிரேக்கை மாத்து. இல்லன்னா சாவியை ஜெசிகிட்ட குடுத்துட்டு வூட்டுல உக்காரு."

ஆக, அவர் சம்மதித்தது பிரேக்குக்காக அல்ல, சீட்டுக்காக. ஜெசி தன் சம்பளத்தில் மெக்கானிக் அன்புச்செல்வனை அனுப்பி, புதுப்பேட்டையில் கழித்த வண்டி ஒன்றிலிருந்து டிஸ்க் பிரேக்கும், லேசாகத் தொட்டாலே அதைப் பிடிக்கவைக்கும் பூஸ்டரும் வாங்கிவரச் செய்தாள். முன்சக்கரம் இரண்டிலும் மாட்டி முடித்ததும் அன்புச்செல்வன் சாவியை நீட்டினான்.

"அண்ணே, இது பழைய பிரேக்கு மாதிரி கெடையாது. கால் கட்டைவிரல வச்சா போதும், கப்புனு புடிச்சுக்கும். ரெண்டு நாளு காலி வண்டியா ஓட்டிப் பழகுங்க. லோடு ஏத்தாதீங்க."

"என்னையே பழகச் சொல்றியா? நான்தான் பிரேக்கே மிதிக்கறதில்லியேடா!"

"அப்போ கவலையே இல்லண்ணே" என்றான் அன்புச்செல்வன், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

மறுநாள் காலையிலேயே லோடு ஏறியது. ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் கோயில் ஒன்றுக்கு முழுக் குடில்: மூன்று ராஜாக்கள், இடையர்கள், வானதூதர்கள், மாதா, பாலன், மாடு, கழுதை. எல்லாம் ஜெசி கண் எழுதியவை. கயிறு இல்லை. டேஷ்போர்டில் சூசையப்பர் வழக்கம்போல் நின்றார்.

ஊரைத் தாண்டியதும் வந்தது ஒரு ஆட்டுக்குட்டி. இடையர்களெல்லாம் வண்டிக்குள் இருக்க, ஆடு மட்டும் ரோட்டில் நின்றது. சவரிராஜின் இடது கை சூசையப்பரை நோக்கி எழுவதற்குள் வலது கால் முந்திக்கொண்டது. பழைய டிரம்மை மிதித்த அதே மிதி, உடம்பின் பாரமெல்லாம் இறங்கிய மிதி.

புது பிரேக் யோசிக்கவில்லை.

வண்டி மிதித்த இடத்திலேயே நின்றது. உள்ளே இருந்தவர்கள்தான் நிற்கவில்லை. ராஜாக்கள் முன்சீட்டுக்கு வந்தார்கள், வானதூதர்கள் கடைசியாக ஒருமுறை பறந்தார்கள். சூசையப்பரின் தலை கண்ணாடியில் மோதி உடைந்து சவரிராஜின் மடியில் வந்து விழுந்தது. ஆட்டுக்குட்டி புல்லைத் தேடிப் போயிற்று. வைக்கோலைக் கிளறிப் பார்த்தபோது முழுசாக மிஞ்சியது கழுதை மட்டும். நொறுங்கிய சில்லுகளில் மகள் எழுதிய கண்கள் மட்டும் அங்கங்கே விழித்துக்கொண்டிருந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

பட்டறையில் ராஜாம்பாள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"சவரிண்ணே, பிரேக்கே மிதிக்காத ஆளுக்கு இம்புட்டு மிதி எங்கேருந்து வந்துச்சு? விடுங்க. இனிமே ஜெசி ஓட்டுறதா இருந்தா லோடு ஏத்தறேன். நீங்க வேணா எறக்கி வைக்க கூடப் போங்க."

ஜெசி அப்பாவைப் பார்த்தாள். ஜெயித்தவளுடைய பார்வையல்ல அது. அந்தக் குடிலுக்கெல்லாம் மறுபடியும் கண் எழுத வேண்டியவளும் அவள்தான். அவர் சாவியை அவள் கையில் கொடுக்கவில்லை. வர்ணக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

புதுக் குடில் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள்தான் கிளம்பியது. பெட்டிகளைச் சுற்றிக் கயிறு. ஒட்டுப்போட்ட சூசையப்பரையும் ஜெசி விடவில்லை, டேஷ்போர்டில் சணல் போட்டுக் கட்டியிருந்தாள். இடது பக்க சீட்டில் சவரிராஜ் உட்கார்ந்திருந்தார். கைக்குப் பிடிக்க ஒன்றுமில்லை.

"பயமா இருக்குதாப்பா?"

"ரோட்டப் பாத்து ஓட்டு."

ஜங்ஷன் ரோட்டில், அதே டீக்கடைக்கு எதிரே, முன்னால் போன டவுன்பஸ் திடீரென்று நின்றது. ஜெசி கட்டைவிரலை வைத்தாள். கார் அழகாக, ஒரு பொம்மையும் அசையாமல் நின்றது.

இடது பக்கம், பெடல் எதுவும் இல்லாத வெறும் தரையின்மேல், ஒரு வலது கால் இரண்டு தடவை பம்ப் அடித்து, மூன்றாவது தடவை பலம் கொண்டமட்டும் மிதித்துக்கொண்டிருந்தது.