நிறம் பார்த்து வாங்கிய செடிகள்

காலை பத்து நாற்பதுக்கு மகள் வீறிட்டாள். வேலூரில் வேலை பார்க்கும் கணவரைப் பதினொரு மணிக்குத்தான் அழைக்க முடியும், இன்னும் இருபது நிமிடம் இருக்கிறதே என்று அப்போதுதான் கைப்பேசியில் நேரம் பார்த்திருந்தேன்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். காம்பவுண்டுச் சுவரோரம், அன்று காலை நர்சரியிலிருந்து வந்து இறங்கிய செடிப் பைகளுக்கு நடுவே நின்றிருந்தாள். உதடு வீங்கி, எச்சில் வழிந்துகொண்டிருந்தது. நான்கு வயது. ஓயாமல் பேசுகிறவள், நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு "ஆ, ஆ" என்று மட்டும் அழுதாள். வாய்க்குள் பச்சையாக ஏதோ துணுக்கு. விரலை விட்டு எடுத்து வீசினேன். அது எந்தச் செடியுடையது என்று பார்க்கத் தோன்றவில்லை. வாயைக் கழுவி விடுவதற்குள் ஒரு முறை வாந்தி எடுத்தாள். கதவைச் சாத்தினேனா என்பதுகூட நினைவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

அன்று பௌர்ணமி. மலை சுற்ற வந்த கூட்டம் செங்கம் சாலையை முற்பகலிலேயே நிறைத்திருந்தது. ஆட்டோக்காரர் சந்து சந்தாகப் புகுந்து ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விட்டார்.

"பாட்டியாம்மா நீங்க? அம்மா வரலியா?" என்றார் நர்ஸ்.

"நான்தான் அம்மா."

நாற்பத்தொன்றில் பெற்றவள் நான். இந்தக் கேள்விக்கு எத்தனையோ பேரிடம் முகம் சுளித்திருக்கிறேன். அன்று சுளிக்க நேரமில்லை.

டாக்டர் இளம்பெண். வாயை டார்ச் அடித்துப் பார்த்தார். "ஏதோ செடிப் பால் பட்டாப்பல இருக்கு. என்னென்ன செடிம்மா வச்சிருக்கீங்க?"

காகிதப்பூ, குரோட்டன்ஸ், இட்லிப்பூ, மந்தாரை, சரக்கொன்றை. பெயர் தெரிந்தவற்றைச் சொன்னேன். பிறகு, "கேட்டு ஓரத்துக்கு அரளி, மூணு" என்றேன்.

டாக்டர் நிமிர்ந்தார். "அரளியைத் தின்னலைன்னு உறுதியாச் சொல்ல முடியுமா?"

முடியவில்லை. அடுத்த நிமிடம் குழந்தையின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். வாய் வெந்ததுபோல் இருந்தாலும் அது ஆறிவிடும், அரளியாக இருந்தால் இதயத்தைப் பிடிக்கும், தெரியும்வரை கண்காணிப்பில்தான் வைத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

இரண்டு நாள் முன்பு அடி அண்ணாமலைப் பக்கத்து நர்சரியில் நான் நின்ற விதம் நினைவுக்கு வந்தது. புது வீட்டுக்கு வெளிர்மஞ்சள் பெயின்ட். சேலைக்குப் பார்டர் பார்க்கிறவள்போல் நடந்தேன். சுவரோரம் கருஞ்சிவப்பு, நிழலுக்கு வெள்ளைப் புள்ளி போட்ட ஓர் அகல இலைச் செடி, கேட்டுக்கு ரோஜா நிறம், வெள்ளை, சிவப்பு என மூன்று அரளி. பூஜைக்கும் ஆகுமே. எதற்கும் பெயர் கேட்கவில்லை, குணம் கேட்கவில்லை. நர்சரி வைத்திருக்கும் பாய்தான் கேட்டார், "வூட்ல சின்னக் கொழந்த இருக்காம்மா?"

அடுத்து "பேத்தியா?" என்றுதான் வரும் என்று எனக்குள் ஏதோ முறுக்கிக்கொண்டது. "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? செடியைக் காட்டுங்க" என்றேன். அவர் அரளிப் பைகளைத் தூக்கி நான் வாங்கியவற்றோடு சேர்த்து வைத்தார்.

இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து அவரைத்தான் அழைத்தேன். அழுகையில் பாதி வார்த்தை விழுங்கியிருப்பேன்.

"வூட்ல செடிங்க அப்டியேதான் கீதுங்களா? நட்டுடலியே?"

"நடலை பாய். பக்கத்து வீட்டுக்காரங்கள போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லட்டா?"

"போட்டோல கொழந்த பல்லு பட்ட எடம் தெரியுமாம்மா? நானே போய்ப் பாத்துட்டு வரேன். நீ கொழந்தகிட்ட இரு." எப்போதும் நீங்க, வாங்க என்று பேசுகிறவர். அவசரத்தில் ஒருமைக்கு வந்துவிட்டார். அந்த ஒருமை எனக்கு அன்று பெரிய பிடிப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு லைன் கிடைக்கவில்லை. பௌர்ணமிக் கூட்டம் வந்தால் இங்கே இப்படித்தான், டவர் இருக்கும், போன் போகாது. திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகள் என் சுண்டுவிரலைப் பிடித்தபடி எச்சில் விழுங்கத் திணறினாள். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி உதட்டில் ஒற்றச் சொன்னார்கள். ஒற்றினேன். கணவர் எப்படியோ ஒரு முறை லைனில் வந்து, நான் சொன்னதைக் கேட்டு, "கிளம்பிட்டேன்" என்றார். அதற்குள் அறுந்துவிட்டது.

ஒரு மணியைத் தாண்டி பாய் வந்தார். ஸ்கூட்டரைக் கூட்டத்தில் உருட்டிக்கொண்டே வந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பாலிதீன் கவரிலிருந்து ஓர் இலையை எடுத்து டாக்டரிடம் நீட்டினார். வெள்ளைப் புள்ளி போட்ட அகல இலை. ஓரத்தில் அரை வட்டமாகச் சின்னப் பல் பதிந்திருந்தது.

"இதான் டாக்டர். இருவத்திரெண்டு பையும் ஒவ்வொண்ணா பொரட்டிப் பாத்துட்டேன். அரளில ஒரு எல கொறையல. கிள்ளுன காயமே இல்ல, பால் கசியல. இது மட்டுந்தான் கடிபட்டுக் கெடந்துது."

டாக்டர் இலையைத் திருப்பிப் பார்த்தார். திரையை ஒரு முறை பார்த்தார். "இதுதான். அரிப்பும் வீக்கமும் ஜாஸ்தி இருக்கும். நாளைக்குள்ள எறங்கிடும். எதுக்கும் ராத்திரி வரைக்கும் இங்கியே இருக்கட்டும்" என்றார்.

நான் கைகூப்பினேன். பாய் என்னைப் பார்க்காமல் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, ஏதோ தப்பு செய்துவிட்டவர்போல் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"அந்த மூணு அரளியையும் எடுத்துட்டு வந்துட்டேம்மா, கீழ வண்டில கீது. உங்களக் கேக்காம எடுத்துட்டேன்னு கோச்சுக்காதீங்க."