மாப்பிள்ளைத் தட்டுக்கு ஒரு ஷேவிங் சோப்பு

சித்திக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மாப்பிள்ளையைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். கம்பளையில் வீடு, கண்டியில் எழுதுவினைஞர் உத்தியோகம், பேச்சு குறைவு. பெண் பார்க்க வந்த அன்று அவருடைய அக்கா போகிற போக்கில் இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போனார்.

"தம்பி டியூப்ல வார கிரீமெல்லாம் தொடமாட்டாரு. கிண்ணத்துல சோப்பு, ஒரு பிரஷ். அவ்வளவுதான்."

மற்றவர்கள் அதை அன்றைய தேநீரோடு மறந்துவிட்டார்கள். சித்தி மறக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தன்று பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளைக்கு ஒரு தட்டு போகும். வேட்டி, சட்டை, கண்ணாடி, சீப்பு, பவுடர், அதோடு சவரச் சாமான்கள். பெரியவர்கள் யாராவது கடைக்குப் போன கையோடு எல்லாவற்றையும் வாங்கி வந்துவிடுவது வழக்கம். சித்தியோ, வேட்டியை யார் வேண்டுமானாலும் எடுக்கட்டும், சோப்பை நான்தான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவரோடு அவள் அதுவரை நாலு வார்த்தைகூடப் பேசியதில்லை. தான் முதன்முதலாகக் கொடுக்கிற பொருள் அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற கவலையில் அவளுக்குச் சோறுகூட ஒழுங்காக இறங்கவில்லை.

துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர் கெலிஓயாவில் பஸ் ஏறினாள். எனக்கு அப்போது எட்டு வயது. கண்டி மார்க்கெட் பக்கத்தில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடை. அவர் கண்ணாடி அலுமாரியைத் திறந்து, வட்டமான மூன்று சோப்புகளை எடுத்து வைத்தார். ஒன்று சந்தனம், ஒன்று எலுமிச்சை, மற்றது புதினா. சித்தி மூன்றையும் மாற்றி மாற்றி முகர்ந்துகொண்டிருந்தாள். சந்தனத்தை மட்டும் கொஞ்சம் கூடுதலாக.

"வாசத்தப் பாத்து எடுக்க வாணாம் மகள்," என்றார் முதலாளி. "நுரைதான் முக்கியம். மொகத்துல காயாம நிக்கணும். வாசம் என்ன, தண்ணி ஊத்தினா போயிரும்."

சித்திக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம். மூன்றையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வாங்கியாயிற்று, பரீட்சை செய்து பார்க்க ஒரு முகம் வேண்டுமே. எங்கள் வீட்டில் மீசை முளைத்த ஆள் அப்பா ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் சவரம் செய்யக் கூடாது என்று சித்தி அவருக்கு உத்தரவு போட்டாள். அப்பாவும் முள்ளு முள்ளான தாடியோடு வேலைக்குப் போய்வந்தார். ஞாயிறு காலை குழாயடியில் ஒரு கதிரையைப் போட்டு அவரை உட்காரவைத்தோம். இடது கன்னத்துக்குச் சந்தனம், வலது கன்னத்துக்கு எலுமிச்சை, தாடைக்குப் புதினா. பிரஷ் போட்டது சித்தி. நுரையைக் காவல் காத்தது நான்.

"எந்தப் பக்கம் இழுக்குது மச்சான்? பாத்து சொல்லுங்க."

"எல்லாப் பக்கமும் இழுக்குது. கல்யாணம் ஒனக்கு, தோல் உரியிறது எனக்கா?"

புதினா அப்பாவின் கண்ணில் தண்ணீர் வரவழைத்து முதலிலேயே தோற்றது. சந்தன நுரை, ரேஸர் வந்து சேர்வதற்குள் காய்ந்துபோய், கன்னத்தில் ஒரு கீறலையும் போட்டுவிட்டது. எலுமிச்சை நுரைதான் எருமைத் தயிர் மாதிரி கெட்டியாக நின்றது. அம்மா வந்து அப்பாவை முகர்ந்து பார்த்து, கோயில் வாசமும் மருந்துக்கடை வாசமும் ஒன்றாக வருவதாகச் சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எலுமிச்சைக்கே வெற்றி என்று நான் தீர்ப்புச் சொன்னேன். சித்தியும் தலையாட்டினாள். தட்டில் வைக்கப் புதிதாக ஒன்று வாங்க அவள் மறுபடி கண்டிக்குப் போனபோது எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது.

கல்யாணத்தன்று அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு போகும் பெருமை எனக்குக் கிடைத்தது. மாப்பிள்ளையின் அக்கா அதை மண்டபத்தின் நடுவில் வைத்து, ஒவ்வொரு சாமானாக எடுத்துச் சபைக்குக் காட்டினார். சோப்பை எடுத்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது சந்தனம்.

"இது இல்ல," என்றேன் சத்தமாக. "இது எங்கப்பா கன்னத்தக் கிழிச்சது. எலுமிச்சதான் ஜெயிச்சது."

அப்பாவின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. பேச்சு குறைவான மாப்பிள்ளை முதன்முறையாக வாயைத் திறந்தார்.

"அப்ப ஏன் பாப்பா இத வச்சிருக்காங்க?"

"தெரியாது. சித்தி கடையில இதத்தான் மோந்து மோந்து பாத்துச்சு."

சித்தி இருந்த அறையிலிருந்து பெண்கள் சிரித்த சிரிப்பு மண்டபம் முழுக்கக் கேட்டது. மாப்பிள்ளையின் காது மடல் சிவந்துவிட்டது. அவர் சோப்பைத் தன் அக்காவின் கையிலிருந்து வாங்கி ஒருமுறை முகர்ந்து பார்த்தார். பிறகு அதைத் தட்டில் திருப்பி வைக்காமல் பட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தாலி கட்டும்போதும் அந்தப் பை புடைத்துக்கொண்டுதான் இருந்தது.

கம்பளையில் அவர்கள் வீட்டுக்குப் போவதென்றாலே எனக்குச் சந்தோஷம். இன்றைக்கும் அங்கே குளியலறையைத் திறந்தால் சந்தன வாசம்தான். சித்தப்பாவின் கன்னத்தில் பெரும்பாலும் ஒரு கீறல் இருக்கும். போன மாதம் மனசு கேட்காமல் எலுமிச்சை சோப்பு ஒன்று வாங்கிப் போய்க் கொடுத்தேன்.

"வச்சிட்டுப் போம்மா, வீட்டுக்கு வாரவங்களுக்கு ஆகும்," என்றார்.

சித்தி ஒன்றும் காதில் விழாத மாதிரி கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். நுரை, தோல், ரேஸர் என்று அன்றைக்கு எவ்வளவோ கவனித்தேன். அந்தக் கன்னத்துக்குப் பக்கத்தில் ஆயுசுக்கும் இருக்கப்போவது சித்தியின் மூக்கு என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.