ரணகள்ளிக்கு ஒரு செம்புத் தண்ணீர்

போன திங்கட்கிழமை வாசலில் ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. இறங்கியவர் அடுத்த வீட்டுத் தையற்காரர் ரஹீம் பாய். நான் மெல்லக் கதவுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, பாய் குடும்பம் வாணியம்பாடிக்குப் போயிற்று. கிளம்பும்போது ஒரு தொட்டியை என்னிடம் ஒப்படைத்தார். தடித்த இலைகள் கொண்ட ரணகள்ளிச் செடி. பட்டாளத்துக்குப் போன மகன் யூசுப் நட்டது. பிள்ளையிடமிருந்து அப்போதே ஐந்து மாதமாகக் கடிதம் இல்லை.

"அவன் கையால வச்சது இது ஒண்ணுதான் சார். பாத்துக்கங்க."

பார்த்துக்கொண்டேன்... மயிலாப்பூர்க்காரன் பார்த்துக்கொள்கிற மாதிரி. தினமும் குளித்துவிட்டுத் துளசிக்கு ஒரு செம்பு, ரணகள்ளிக்கு ஒரு செம்பு. பதினைந்தாம் நாள் தண்டு கொழகொழவென்று சாய்ந்தது. பதறிப்போய் நுனியை ஒடித்து வேறு தொட்டியில் ஊன்றினேன். அதற்கும் ஒரு செம்பு. அதுவும் அழுகியது.

"செல்லம் குடுத்தே கொன்னுட்டேளே" என்றாள் என் மனைவி.

மிஞ்சியவை மூன்று இலைகள். தூக்கி எறிய மனம் வரவில்லை. கண்ணெதிரே வைத்திருக்கவும் தைரியமில்லை. பீரோவின் மேல், பழைய பத்திரிகைக் கட்டின்மீது போட்டு வைத்தேன். பாய்க்கு என்ன பதில் சொல்வது?

ஒரு மாதம் கழித்துத் தூசி தட்டப் போன மனைவி கூப்பிட்டாள். "இங்க வந்து பாருங்கோ."

இலையின் ஓரமெல்லாம் வெள்ளை நூலாக வேர். வேருக்கு மேலே கடுகளவு பச்சை. மண் இல்லை, தண்ணீர் இல்லை, முக்கியமாக நான் இல்லை — அதனால்தான் பிழைத்ததோ என்னவோ. சில சமயம் நாம் சும்மா இருப்பதே பெரிய உபகாரம்.

மணல் கலந்த மண்ணில், இரண்டு பிஸ்கட் டின்களில் வைத்தோம். செம்பை மனைவி எடுத்து ஒளித்துவிட்டாள்.

திங்கட்கிழமை அந்த டின்களை நீட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பாய் ஒரு தளிரை விரலால் தொட்டார்.

"காஞ்சி கெடந்தும் உசுர வச்சிக்கினு கீது பாரு சார்."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். யூசுப்பிடமிருந்து இன்றுவரை ஒரு வரி இல்லை.

போகும்போது ஒரு டின்னை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். என்னை நம்பி...

"இது இங்கயே இருக்கட்டும் சார். புள்ள வந்தா ரெண்டு வூட்லயும் பாக்கட்டும்."

தினமும் குளித்துவிட்டுப் போய்ப் பார்க்கிறேன் — வெறுங்கையோடு.