பத்துப் பங்கின் முதலாளி

எனக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது ஒரு பிஸ்கட் கம்பெனியில் பத்துப் பங்கு வாங்கினேன். அறுபதுகளின் தொடக்கம் அது. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தில் மில் வேலைக்காரர்கள் இருந்தார்கள், கார்ப்பரேஷன் வேலைக்காரர்கள் இருந்தார்கள், சீட்டுப் பிடிப்பவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். கம்பெனியில் பங்கு வைத்திருந்தவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

அப்போது சிக்பேட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். சம்பளத்தில் அம்மாவிடம் கொடுத்தது போக மிச்சத்தைத் தபால் ஆபீசில் போட்டு வந்தேன். அப்பா இறந்த பிறகு வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அக்கா கல்யாணமாகி அடுத்த சந்தில் குடியிருந்தாள். இரண்டு வருஷத்தில் தபால் ஆபீஸ் புத்தகத்தில் நூறு ரூபாய்க்கு மேல் சேர்ந்துவிட்டது. அம்மாவின் மனதில் அந்தப் பணம் எப்போதோ ஒரு ஜோடிக் கம்மலாகிவிட்டிருந்தது. டிசைன்கூட முடிவாகியிருந்தது.

ஆபீசில் என் பக்கத்து மேஜையில் இன்னொரு டைப்பிஸ்ட். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து பஸ்ஸில் வருவாள். என் வயதுதான். டைப் அடித்துக்கொண்டே பேசுவாள், பேசிக்கொண்டே சிரிப்பாள், ஒரு எழுத்தும் தப்பாது. ஒருநாள் எங்கள் இரண்டு பேர் மேஜைக்கும் ஒரு பிஸ்கட் கம்பெனியின் காகிதங்கள் வந்தன. அவர்கள் புதிதாகப் பங்கு வெளியிடப் போகிறார்கள். பங்கு ஒன்று பத்து ரூபாய், குறைந்தது பத்துப் பங்காவது வாங்க வேண்டும். அந்தக் கம்பெனியை எனக்குத் தெரியும். யஷ்வந்த்பூர் பக்கம் இருந்த அதன் பாக்டரியில்தான் அக்கா பேக்கிங் செக்ஷனில் வேலை செய்தாள். சாயங்காலம் அவள் உள்ளே வரும்போதே வெண்ணெயும் சர்க்கரையும் கருகிய வாசனை முன்னால் வரும்.

"பங்கு வாங்கினா என்ன கிடைக்கும்?" என்று தோழியிடம் கேட்டேன்.

"லாபம் வந்தா அதுல நமக்கும் கொஞ்சம் வரும். எங்க அப்பா ரெண்டு மூணு கம்பெனியில வச்சிருக்கார். வருஷத்துக்கு ஒரு தடவை தபால்ல வரும்."

"நஷ்டம் வந்தா?"

"ஒண்ணும் வராது. அந்த வருஷம் அப்பாகிட்ட யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டோம்."

விளம்பரம் பேப்பரில் வந்த வாரமே இரண்டு பேரும் விண்ணப்பம் வாங்கிப் பூர்த்தி செய்தோம். தபால் ஆபீஸ் ஜன்னலில் பணத்தை எடுத்து இரண்டு தடவை எண்ணினேன். அன்று மத்தியானம் கொண்டுபோன சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

இரண்டு மாதம் கழித்துப் பங்குப் பத்திரம் தபாலில் வந்தது. கெட்டியான காகிதம், ஓரமெல்லாம் பச்சை வேலைப்பாடு, நடுவில் என் பெயர். அம்மா அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"கம்மலுக்கு வச்சிருந்த காசா இது?"

"ஆமாம்மா."

"இத்த எந்தக் காதுல மாட்டுறது?"

அம்மா திட்டவில்லை. இரண்டு நாள் அது அலமாரி மேலேயே கிடந்தது. மூன்றாம் நாள் பத்திரத்தைக் கரப்பான் அரிக்காமல் டிரங்குப் பெட்டிக்குள் அவளே பத்திரப்படுத்தினாள்.

அக்காவுக்குத்தான் சிரிப்புத் தாங்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அப்ப நாளையிலிருந்து நான் உனக்குத்தான் வேலை செய்யறனா?" என்றாள். சந்தில் இரண்டு வீட்டுக்குச் சொல்லியும் விட்டாள். குழாயடியில் எனக்கு 'முதலாளியம்மா' என்று பெயர் விழுந்தது. குடத்தை முன்னால் வைக்க இடம் விட்டார்கள். கிண்டலுக்குத்தான், ஆனால் தண்ணீர் சீக்கிரம் கிடைத்தது.

ஒரு மழைநாள் சாயங்காலம் அக்கா வந்தாள். சேலை முழங்கால் வரை நனைந்து ஒட்டியிருந்தது. பேக்கிங் செக்ஷனில் நாற்பது பெண்களுக்குச் சாப்பிட இடம் கிடையாது, காம்பவுண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டதாம். பாதிச் சோற்றோடு உள்ளே ஓடி, ஈரச் சேலையோடு அப்படியே வேலைக்கு உட்கார்ந்திருக்கிறார்கள்.

தலையைத் துவட்டிக்கொண்டே, "முதலாளின்னு பேரு மட்டும் போதுமா? ஒரு ஷெட்டுப் போடச் சொல்லேன்" என்றாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் கம்பெனியின் பங்குதாரர் பொதுக்கூட்டத்துக்கு அழைப்பும் ஆண்டறிக்கையும் வந்தன. அறிக்கையைத் தோழியும் நானும் மத்தியான இடைவேளையில் வரிவரியாகப் படித்தோம். 'திரும்பி வந்த சரக்கு' என்று ஒரு வரி. முந்தின வருஷத்தைவிட அந்தத் தொகை ரொம்ப ஏறியிருந்தது.

"பிஸ்கட் ஏன் திரும்பி வரும்?" என்றாள் தோழி.

"நமத்துப்போயிருக்கும்."

சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்று ஆபீஸ் முடிந்ததும் அவள் சொல்லச் சொல்ல என் கேள்வியை நானே ஆங்கிலத்தில் டைப் அடித்தேன். அக்கா பெயர் எங்கும் வரக்கூடாது என்பதில் இரண்டு பேரும் கவனமாக இருந்தோம்.

கூட்டம் கண்டோன்மென்டில் ஒரு கிளப் ஹாலில் நடந்தது. முப்பது நாற்பது பேர், எல்லாம் கோட்டுப் போட்ட ஆண்கள். பெண்கள் நாங்கள் இருவர்தான். வாசலில் இருந்தவர் நாங்கள் டைப் அடிக்க வந்தவர்கள் என்று நினைத்து, "மிஷின் உள்ளே இருக்கு" என்றார். தோழி அழைப்புக் கடிதத்தை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். உள்ளே போனோம். மேடைக்குப் பக்கத்தில் எங்கள் ஆடிட்டரே உட்கார்ந்திருந்தார். அவர்தான் அந்தக் கம்பெனிக்கும் ஆடிட்டர் என்பது எனக்குத் தெரியாததல்ல. கூட்டத்துக்கு அவரும் வருவார் என்றுதான் தோன்றவில்லை. எங்களைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

சேர்மன் நீளமாகப் பேசினார். எதிர்காலம் பிரகாசமாக இருந்தது. கடைசியில், கேள்வி ஏதாவது உண்டா என்று கேட்டுவிட்டு, இல்லை என்று அவரே முடிவு செய்து காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். தோழி என் இடுப்பில் இடித்தாள். எழுந்து நின்றேன்.

டைப் அடித்த காகிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன். மனதிலிருந்து சொன்னேன். திரும்பி வந்த சரக்கு இவ்வளவு ஏறியிருக்கிறது. பேக்கிங் செய்யும் பெண்கள் வெளியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மழையில் நனைந்த சேலையோடு வந்து பிஸ்கட்டை டின்னில் அடுக்கினால் பிஸ்கட் நமத்துப்போகாமல் என்ன செய்யும்? ஒரு ஷெட்டுப் போட ஆகும் செலவு, திரும்பி வரும் சரக்கைவிடக் குறைவாக இருக்காதா?

சேர்மன் பாக்டரி மானேஜரைப் பார்த்தார். மானேஜர் மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தார். முன்வரிசையில் ஒரு பெரியவர், அதுவரை தூங்கிக்கொண்டிருந்தார் என்றே நினைத்திருந்தேன், கண்ணைத் திறக்காமலே, "நல்ல கேள்வி. பதில் சொல்லுங்கள்" என்றார். இரண்டு பேர் மேஜையைத் தட்டினார்கள். ஆவன செய்கிறோம் என்றார் சேர்மன். நான் உட்கார்ந்தேன். பிறகு வந்த டீயில் சர்க்கரை இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் ஆடிட்டர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"அந்தக் கம்பெனி காகிதம் இனிமே உங்க ரெண்டு பேர் மேஜைக்கும் வராது. பங்கு வச்சிருக்கறவங்க அதத் தொடக் கூடாது. என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார்.

"மன்னிச்சுக்கோங்க சார்."

"சரி, போங்க." கதவு வரை வந்ததும், "அந்த வரிய நானும் பார்த்தேம்மா. மழைன்னு எனக்குத் தோணல" என்றார்.

மாதங்கள் போயின, ஷெட்டைக் காணோம். அக்கா கேட்பதையே விட்டுவிட்டாள். அடுத்த மழைக்காலம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது ஒருநாள் மூச்சிரைக்க வந்தாள். சுவர் ஓரமாகத் தூண் நட்டு, மேலே தகரம் போட்டு, நான்கு பெஞ்சும் போட்டுவிட்டார்களாம். பாக்டரி இன்ஸ்பெக்டர் வரப்போகிறார், அதனால்தான் என்று சிலர் சொன்னார்களாம். மானேஜருக்குப் புத்தி வந்துவிட்டது என்று சிலர் சொன்னார்களாம். அக்கா வாயைத் திறக்கவில்லை. "சொல்லிடணும்னு நாக்கு துடிச்சுதுடி. டிபன் டப்பாவுக்குள்ள தலைய வச்சிக்கிட்டேன்" என்றாள்.

அந்த வருஷம் எட்டு ரூபாய் டிவிடெண்ட் வந்தது. அம்மா அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "ஒண்ணும் பண்ணாமலே வருதா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

ஒரு வாரம் கழித்து அக்கா என் முன்னால் ஐம்பது ரூபாயை வைத்தாள். சீட்டு எடுத்த பணம்.

"உன் பங்குல பாதிய எனக்குக் குடு."

"சும்மாவே எழுதித் தரேன்க்கா. காசு எதுக்கு?"

"சும்மா வாங்கினா அது உன்னுதாத்தான் இருக்கும். காச எடு."

எடுத்துக்கொண்டேன். பங்கை அவள் பெயருக்கு மாற்றும் பத்திரத்தில் முத்திரை ஒட்டி, அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த கூட்டத்துக்கு அவள் லீவு போட்டுவிட்டு வந்தாள். கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். பின்வரிசையில் உட்காரலாம் என்று நான் இழுத்தேன். அவள் நேராக முன்வரிசைக்குப் போனாள். மானேஜர் அவளைப் பார்த்து நின்றார். பாக்டரியில் அவர் கன்னடத்தில் 'இங்கே வா' என்று கூப்பிடுவது "ஏய், இல்லி பா" என்றுதான். அன்று அவர் அவளைப் பார்த்தார், அவள் கையிலிருந்த அழைப்புக் கடிதத்தைப் பார்த்தார், நாற்காலியை ஒரு கையால் நகர்த்தி, "கூத்கொள்ளி அம்மா" என்று மரியாதையாக உட்காரச் சொன்னார். அக்கா உட்கார்ந்தாள். கூட்டம் முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது. அவளுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனால் எல்லோரும் கை தூக்கியபோது அவளும் தூக்கினாள், ஒரு தடவை எல்லோரும் தூக்கியபோது தூக்காமல் இருந்தாள்.

மறுநாள் பாக்டரியில் என்ன ஆகுமோ என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. மானேஜர் அவளை மறுபடியும் 'ஏய்' என்று கூப்பிடவில்லை என்பதைத் தவிர.

அன்று கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா சொன்னாள், "அடுத்த வருஷம் நானும் ஒரு கேள்வி கேக்கப் போறேன்."

"என்ன கேள்வி?"

"இப்ப எதுக்கு? நீயும்தான் அங்க வருவ, உட்கார்ந்து கேட்டுக்க."

பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் ஆளாக ஏறி எனக்கும் ஓர் இடம் பிடித்து வைத்தாள்.