மசூதித் தெருவின் ஐந்து மணித் தண்ணீர்

பரசுராமன் எங்கள் ஊரில் தண்ணீர் திறந்துவிடுகிறவர். இருபத்தேழு வருடமாக அதே வேலை, அதே சைக்கிள். மேல்நிலைத் தொட்டியின் அடியில் மூன்று வால்வுகள். அவற்றுக்கு எண் போட்டிருக்கிறார்கள். அவர் வாயில் எண் வராது. நாயுடு தெரு, மசூதித் தெரு, கீழ்த்தெரு என்றுதான் சொல்வார்.

நாயுடு தெருவில் இன்று தெலுங்கு பேச ஓர் ஆள் இல்லை. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள், வீடுகள் விடுதிகளாயின. இத்தாலிக்காரர்களும் டெல்லிக்காரர்களும் மொட்டை மாடியில் உட்கார்ந்து மலையைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பார்கள்!

நான் இருப்பது மசூதித் தெரு. ஒரு காலத்தில் இங்கே முப்பது முஸ்லிம் குடும்பங்கள். நோன்பு மாதத்துச் சாயங்காலம் தெருவில் நடந்தாலே கஞ்சி மணம் வயிற்றைக் கிள்ளும். அந்த மணத்துக்கு இப்போதும் ஏங்குகிறேன். ஒவ்வொருவராக டவுனுக்குப் போய், கடைசியில் எதிர்வீட்டு அஜ்மத் பேகம் மட்டும் மிஞ்சினார்.

நோன்பு மாதத்தில் எங்கள் தெருவுக்கு மட்டும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு தடவை கூடுதலாகத் தண்ணீர் வரும். யாரும் உத்தரவு போட்டதில்லை. கஞ்சி காய்ச்சத் தண்ணீர் இல்லாமல் பெண்கள் வயல் கிணற்றுக்கு ஓடியதைப் பார்த்து, வேலைக்குச் சேர்ந்த வருடமே பரசுராமன் ஆரம்பித்தது. திறந்துவிட்டு, அஜ்மத் பேகம் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று வந்து பார்ப்பார். போகும்போது கையில் ஒரு தூக்குக் கஞ்சி இருக்கும்.

இந்த வருடம் விடுதிக்காரர்கள் ஊராட்சியில் மனு கொடுத்தார்கள். ஒரு வீட்டுக்காக ஒரு மணி நேரத் தண்ணீரா? நானும் கையெழுத்துப் போட்டேன். மாடியில் இரண்டு அறை வாடகைக்கு விட்டிருக்கிறேன், அதற்கு ஆள் அனுப்புவது அவர்கள்தான், என்ன செய்ய. "சாயங்காலம் வால்வைத் தொட்டா, வேற ஆள் போட்டுக்குவோம்" என்று ஊராட்சியில் பரசுராமனிடம் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

நோன்பின் முதல் நாள். ஐந்து மணிக்கு என் வீட்டுக் குழாய் சீறியது, பிறகு கொட்டியது. மனிதர் திறந்தேவிட்டார்! எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது.

சைக்கிளில் வந்தவர் எதிர்வீட்டில் பூட்டைப் பார்த்து நின்றார். மத்தியானமே மகன் சாகில் வந்து அந்த அம்மாவை வேங்கிக்காலில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டதை நான்தான் சொன்னேன். உடனே ஸ்பீக்கரில் அவருக்குப் போன் போட்டார்.

"அக்கா, தண்ணி வுட்டுட்டேன். ஆட்டோ புடிச்சி வந்துடுங்க."

"எனக்காக உன் வேலை போவக்கூடாதுன்னுதானேப்பா கெளம்பி வந்தேன். அதுக்குள்ள தொறந்துட்டியா? போ, மொதல்ல மூடு."

"மூடிட்டா நாளைக்கு வருவீங்களா?"

 அந்த அம்மா அழுவது எனக்கும் கேட்டது. பரசுராமன் போனை வைத்துவிட்டுத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"வீணாப் போவுது சார். நீங்களாச்சும் ரெண்டு கொடம் புடிச்சுக்குங்க" என்றார்.

பிடித்துக்கொண்டேன். அந்த மனுவில் என் பெயர் இருப்பது அவருக்குத் தெரியுமா என்று இன்றுவரை கேட்கவில்லை.