வரைபடத்தில் பச்சையாக இருந்த லயம்

காலை ஆறரைக்கு ஊட்டியில் கூடலூர் பேருந்து ஏறினேன். என் கைப்பேசியில் நீலகிரியின் ஊர்களெல்லாம் நிறம் பூசிக்கொண்டு இருந்தன. கோவையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் கைவரிசை அது. ஓர் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் பூங்காவுக்கும் எவ்வளவு நடை, மேலிருந்து பார்த்தால் எவ்வளவு பசுமை என்று யார் வேண்டுமானாலும் இடம் குறிக்கக்கூடிய டிஜிட்டல் வரைபடத்தை வைத்தே கணக்கிடுவோம். வாழத் தகுந்த ஊருக்குப் பச்சை, தகாததற்குச் சிவப்பு. சிவப்பு ஊர்களுக்கு மாதம் ஒருமுறை டாக்டரோடு மருத்துவ வண்டி போகும். பச்சை ஊர்களுக்கு எங்கள் வாழ்த்து மட்டும்.

ஊட்டியும் குன்னூரும் இரண்டுக்கும் நடுவே மஞ்சளில் நிற்க, பந்தலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மாவட்டத்திலேயே அடர்ந்த பச்சையாக இருந்தது. "சொர்க்கமாட்டம் இருக்குதுங்க, ஒரு எட்டு பாத்துட்டு வந்துருங்க" என்றார் மேலாளர். சொர்க்கத்துக்குப் பயணப்படியும் உண்டென்பதால் கிளம்பினேன்.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். நடுவட்டம் தாண்டியதும் கவாத்து செய்யாத தேயிலைச் செடிகள் மரமாக வளர்ந்து நின்றன. மேலிருந்து எடுக்கும் படத்தில் இவை இன்னும் நல்ல பச்சை. தோட்டம் நொடிக்க நொடிக்க எங்கள் மதிப்பெண் ஏறும். அலுவலகத்தில் இது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

கூடலூரில் புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டு அடுத்த பேருந்தில் பந்தலூர் சேர்ந்தபோது பதினொரு மணி. லயத்துக்கு ஆட்டோ இருநூற்றைம்பது ரூபாய்.

"ஆஸ்பத்திரி லயம்தானே? கேறிக்கோங்க சேச்சி" என்றார் ஓட்டுநர் ரஷீத். "முன்னாடி வழி தெரியாம ஃபேக்டரி கேட்லயே ஆளை இறக்கிட்டுப் போவோம். இப்ப மேப்ல ஆஸ்பத்திரி காட்டுதல்லே, நேரா போயிரலாம்."

வரைபடம் சொன்ன ஆஸ்பத்திரி அங்கே இருந்தது. ஓட்டுக் கூரை, சிமெண்ட் வராந்தா, துருப்பிடித்த பூட்டு. விலை விழுந்ததும் எஸ்டேட் முதலில் நிறுத்திய செலவு இந்த டிஸ்பென்சரிதானாம். வராந்தாவில் இருவர் சுவரைப் பார்த்து நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். லயத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அது.

எதிர் வீட்டிலிருந்து செல்வி வந்தாள். கொழுந்து பறிக்கிறவள், ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் தாத்தா காலத்தில் சிலோன் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம்.

"இதை ஆஸ்பத்திரின்னு மேப்ல போட்டது யாரு?" என்றேன்.

"நாந்தான் அக்கா" என்றாள் பெருமையாக. "பூட்டிட்டாங்கதான். ஆனா நாங்க இன்னமும் ஆஸ்பத்திரின்னுதான் சொல்றது. அடையாளம் இல்லாட்டி ஆட்டோ வராதே. மூத்தவன் ஜீப்புலதான் பொறந்தான். வழி தேடி வர்றதுக்குள்ள நேரமாகிருச்சு."

வரைபடம் காட்டிய பூங்காவைப் பற்றியும் கேட்டேன். தேயிலைக் காட்டைக் காட்டிச் சிரித்தாள். "அதுக்குள்ள சும்மா நடந்தா வாட்ச்மேன் வெரட்டுவாரு. சாயங்காலம் ஆனை வந்து வாட்ச்மேனை வெரட்டும்."

ஆட்டோ வருவதற்காக அவள் வைத்த அடையாளம்தான் மருத்துவ வண்டியை வரவிடாமல் தடுத்திருந்தது. அதைச் சொன்னேன். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. எனக்குச் சங்கடமாக இருந்தது. அவள் தன் வழிக்காகப் போட்டாள். வந்து பார்க்காமலே நம்பியவர்கள் நாங்கள்.

"அழிச்சிருங்க" என்றாள். உடனே, "ஐயோ, அழிச்சா ஆட்டோ?" என்றாள்.

இருவரும் வராந்தாவில் நின்று ஒரு வழி கண்டோம். பெயர் 'ஆஸ்பத்திரி லயம்' என்றே இருக்கட்டும். மருத்துவமனைக் குறி மட்டும் போகட்டும், அந்த இடத்தில் குடியிருப்புக் குறி. தேயிலையையும் பூங்காக் கணக்கிலிருந்து எடுத்தேன். சிக்னல் வந்து வந்து போனது. கடைசியில் லயம் சிவந்தது.

போன் பேசி முடித்த ஒருவர் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "எங்க ஊரப் போயி செவப்பாக்கிட்டீங்களே."

"பச்சையா இருந்தப்ப யாரு மாமா வந்தா? இருக்கட்டும்" என்றாள் செல்வி.

மாலைப் பேருந்தில், வரைபடத்தில் கோவையிலுள்ள என் தெருவைத் தேடிப் பார்த்தேன். பச்சை. ஐந்து நிமிட நடையில் பூங்கா என்கிறது. நடுவிலுள்ள நான்குவழிச் சாலையைக் கடக்கப் பயந்து நான் ஒருநாளும் அங்கே போனதில்லை.

அடுத்த மாதம் செல்வி போன் செய்தாள். வண்டி வந்ததாம். டாக்டரம்மா டிஸ்பென்சரி வராந்தாவிலேயே நாற்காலி போட்டு எல்லோரையும் பார்த்தாராம்.

"என்னைய பிரசவத் தேதிக்கு ஒரு வாரம் முன்னாடியே பந்தலூர் ஆஸ்பத்திரியில போயி சேரச் சொல்லிட்டாங்க. இது ஜீப்புல பொறக்காது அக்கா." பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்: "இப்பதான் டாக்டர் வர்றாங்களே, அந்த ஆஸ்பத்திரிக் குறியைத் திரும்பப் போட்டுரவா?"

"வேண்டாம் செல்வி" என்றேன் அவசரமாக. "பச்சையாயிட்டா வண்டி நின்னுரும்."