எட்டைத் தொடாத நாச்சிமுத்து

நான் ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போடுவதற்குள் நாச்சிமுத்து அதன் எண்ணைக் கூட்டிவிடுகிறார். ஒற்றை இலக்கமாகும் வரை கூட்டி, எட்டு இல்லை என்று தெரிந்த பிறகுதான் "வாங்க, உக்காருங்க" என்பார். ஆறு வருடமாக அதே வண்டி, அதே எண். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் கூட்டுகிறார்.

திண்டுக்கல் பழனி ரோட்டில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டும் கடை. கடைக்கு உயிர், ஸ்டிக்கர் வெட்டும் ஒரே ஒரு மிஷின். "உங்க கடை" என்று சொன்னால் கோபம் வரும். "எங்க கடைன்னு சொல்லுங்க. தம்பியும் நானும்." எட்டு ஆகாது என்பவர்கள் ஊரில் நிறைய உண்டு, இவர் கிறுக்கு அதற்கும் மேலே. எட்டாம் தேதி மட்டுமல்ல, பதினேழும் இருபத்தாறும் கடைக்கு விடுமுறை. இலக்கங்களைக் கூட்டினால் இரண்டும் எட்டாம்.

கடையின் முன்பக்கக் கண்ணாடியில் பெரிதாக ஓர் எண்: 5693419. அண்ணன் பைக் 5693, தம்பி விக்னேஷ்குமார் பைக் 419. "கூட்டுனா ஒண்ணு. வகுத்துப் பாருங்க, எதுலயும் வகுபடாது. சுத்தமான பகா எண். இது இங்கன இருக்குற வரைக்கும் எங்களப் பிரிக்க எவனாலயும் ஏலாது." வேலையில்லாத ஒரு மழைக்காலம் முழுக்கச் சின்னச் சின்ன பகா எண்களாக எடுத்து வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் அதை ஒட்டினாராம். நானும் நம்பினேன்.

போன வாரம் நான் இருக்கும்போதே தம்பி பேச்சை எடுத்தார். கீரனூரில், மாமனார் ஊரில், தனிக்கடை போடப் போகிறாராம்.

"பிரிச்சு விட்ருண்ணே. கோவமெல்லாம் ஒண்ணுமில்ல."

நாச்சிமுத்து கண்ணாடியைக் காட்டினார். "மொதல்ல அதப் பிரிச்சுக் காட்டுலே. பிரிஞ்சா நீ தாராளமாப் போ."

தம்பி போனை எடுத்து மூன்றைப் போட்டார், ஏழைப் போட்டார், பதின்மூன்றைப் போட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"பதினேழு போட்டுப் பாத்தியாண்ணே?"

"அத எவன் தொடுவான்? கூட்டுனா எட்டுல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடப்பாவி மனுஷா! வகுக்கிற எண்ணிலுமா எட்டுப் பார்ப்பார்கள்? கூட்டினால் எட்டு வரும் பகா எண்களை எல்லாம் தொடாமலே தாண்டிப் போயிருக்கிறார்.

தம்பி பதினேழைப் போட்டார். 334907. மீதி இல்லை.

நாச்சிமுத்து போனைப் பிடுங்கினார். மறுபடி போட்டார், அதேதான். வந்ததை, அடுத்துத் தொடாமல் விட்டிருந்த ஐம்பத்து மூன்றால் வகுத்தார், போனது. எழுபத்தொன்று, அதுவும் போனது. திரையில் எண்பத்தொன்பது மட்டும் நின்றது. விரல்விட்டுக் கூட்டினார். எட்டும் ஒன்பதும் பதினேழு; ஒன்றும் ஏழும் எட்டு. முகத்தில் ரத்தமே இல்லை.

"நாலுமே எட்டா, அப்பு..." என்றார் தம்பியைப் பார்த்து.

தம்பி பயந்துபோனார். "விடுண்ணே, வெறும் கணக்குதான. நான் போகல."

நாச்சிமுத்து எழுந்து வெளியே போய், பிளேடு நுனியால் நெம்பி, தம்பியின் 419ஐக் கிழியாமல் உரித்தெடுத்தார். உள்ளே கொண்டுவந்து மிஷினின் மூடிமேல் ஒட்டி, குமிழ் நிற்காதபடி கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்துவிட்டார்.